சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப்பில் கோர்பூட் லாக் பார்க்க எந்த யூஎஸ்பி அடாப்டர் வாங்கலாம்?

திங்க்பேட் எக்ஸ்220-ல் கோர்பூட் (பயாஸுக்குப் பதிலாக ஏற்றும் திறந்த மூல ஃபர்ம்வேர்) ஏற்றியபின் திரை கறுப்பாகவே நிற்கிறது, சீரியல் போர்ட்டும் இல்லை, அது எழுதும் லாகைப் படிக்கக் கையில் இருக்கும் யூஎஸ்பி-டிடிஎல் கேபிள் (சீரியல் சிக்னலை யூஎஸ்பி-க்கு மாற்றுவது) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது மட்டும் போதாது. எஃப்டி232ஹெச் சிப் உள்ள சின்ன போர்டு ஒன்று வாங்குங்கள். கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். எஃப்டி232ஆர் இந்த வேலைக்கு ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் லேப்டாப்பில் இருப்பது இஹெச்சிஐ (யூஎஸ்பி 2.0-க்கானது) வகை யூஎஸ்பி கன்ட்ரோலர். வழக்கமாக யூஎஸ்பி வழியே ஒரு பைட் அனுப்பவே ரேமில் பட்டியல்கள் கட்டி வைக்க வேண்டும். ஆனால் இஹெச்சிஐ-யில் டீபக் போர்ட் என்று, பிழை தேடுவதற்கான ஒரு வசதி உண்டு. கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் சில ரெஜிஸ்டர்களில் (சின்ன நினைவிடங்களில்) எழுதினாலே தகவல் வெளியே போய்விடும், ஒரு தடவைக்கு 8 பைட் வரை. ரேம் தயாராவதற்கு முன்பே பேச முடிகிற அருமையான வழி இது. ஒரே நிபந்தனை, எதிர்முனையில் இருப்பது 480 மெகாபிட் வேகத்தில் பேச வேண்டும். எஃப்டி232ஆர், சிபி2102, சிஹெச்340 எல்லாம் 12 மெகாபிட் சிப்கள், இஹெச்சிஐ அவற்றோடு நேரடியாகப் பேசாது. எஃப்டி232ஹெச் 480-ல் பேசும், கோர்பூட்டும் அதை நேரடியாக ஆதரிக்கிறது.

உங்கள் பழைய கேபிளும் வீணாகாது. எஃப்டி232ஹெச் போர்டை எக்ஸ்220-ல் செருகி, தகவல் வெளியே வரும் அதன் ஏடி0 பின்னைக் கேபிளின் ஆர்எக்ஸ்-க்கும் (தகவல் உள்ளே வாங்கும் முனை), கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். கேபிளின் மறுமுனை இன்னொரு கம்ப்யூட்டரில், வேகம் 115200. மின்சாரம் தரும் விசிசி-யை மட்டும் இணைக்காதீர்கள், இரண்டு பக்கமும் தனித்தனி மின்சாரம். அப்புறம் இன்னொரு லாபம், இதே போர்டை ஃபிளாஷ்ரோம் மென்பொருளோடு வைத்து பயாஸ் சிப்பையும் எழுதலாம். ஃபர்ம்வேர் வேலையில் இறங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள வாங்கல் எனக்குத் தெரியவில்லை.

பீகிள்போன் பிளாக் என்ற சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் போர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதுவும் சரி. லினக்ஸின் ஜி_டிபிஜிபி மாட்யூலை ஏற்றினால் அதுவே டீபக் சாதனமாக நடிக்கும், லாகையும் அதிலேயே படிக்கலாம். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். பழைய குறிப்புகளில் வரும் நெட்20டிசி என்ற டீபக் கருவியைத் தேடியும் அலையாதீர்கள்.

காசு செலவழிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கன்ட்ரோலருக்கு ஒரே ஒரு போர்ட்தான் டீபக் போர்ட், அது வெளியே தெரிகிற ஓட்டைதானா என்று பார்த்தாக வேண்டும். பழைய பயாஸைத் திரும்ப ஏற்றி லினக்ஸில் பூட் செய்து, கோர்பூட் மூலநிரலின் யூடில் ஃபோல்டரில் இருக்கும் ஃபைண்ட்_யூஎஸ்பிடீபக் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். யூஎஸ்பி 2.0 பென்டிரைவ் ஒன்றை ஒவ்வொரு ஓட்டையிலும் செருகிச் செருகிப் பார்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். நடுவில் ஹப் எதுவும் வைக்காதீர்கள்.

கோர்பூட்டைக் கம்பைல் செய்வதற்கு முன் வரும் அமைப்பு மெனுவில் யூஎஸ்பி டீபக்கை இயக்கி, டாங்கிள் (செருகும் கருவி) வகையில் எஃப்டி232ஹெச் தேர்ந்தெடுங்கள். ரேமுக்கு முந்தைய கட்டத்திலும் இயக்கும் விருப்பத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். உங்கள் இயந்திரம் ரேம் பயிற்சியிலேயே (பூட் ஆகும்போது ரேமைத் தயார் செய்யும் கட்டம்) செத்துப்போகிறது என்றால் அந்த ஒரு டிக்தான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்கைலேக் தலைமுறை சிப்செட்டிலிருந்து இன்டெல் இஹெச்சிஐ-யையே எடுத்துவிட்டது. அந்த லேப்டாப்களில் இந்த வழி செல்லாது.