போனில் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டுமா?

பத்திரிகை, டி.வி., ரேடியோ மீது அரசு எதுவரை கைவைக்கலாம் என்று செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும், தேவகோட்டை நீதிமன்றத்தில் வழக்காடும் என் பதில்களும்.

கேபிள் நடத்துபவர், காரைக்குடி: அண்ணே, கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி லோக்கல் சேனலில் செய்தி போட்டோம். "நிறுத்து" என்று ஒரு போன். நிறுத்தத்தான் வேண்டுமா?

போனுக்கெல்லாம் நிறுத்தாதீர்கள் தம்பி. 1995 கேபிள் டி.வி. சட்டப்படி நிகழ்ச்சியைத் தடுக்கும் அதிகாரம் கலெக்டர், சார் ஆட்சியர், போலீஸ் கமிஷனர் போன்றவர்களுக்குத்தான் உண்டு. அவர்களும் உத்தரவு போட்டாக வேண்டும். காகிதம் வந்தால் கையெழுத்து யாருடையது, எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று பாருங்கள். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனம் 19(2) அனுமதிக்கும் காரணங்கள் எட்டுதான்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அதிகாரிக்குச் சங்கடம் என்பது அதில் இல்லை. செய்திக்கான ஆதாரங்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அவதூறு வழக்கு வந்தால் அதுதான் துணை.

ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்: தடை போடாமலே பத்திரிகையை முடக்க முடியுமா?

முடியும் ஆச்சி. எனக்குப் பெரிய கவலையே அதுதான். 1960-இல் இன்ன விலைக்கு இத்தனை பக்கம் என்று அரசு உத்தரவு போட்டது. விலையை ஏற்றினால் வாசகர் போவார், பக்கத்தைக் குறைத்தால் செய்தி போகும். சகால் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் 1972-இல் காகித ஒதுக்கீடு என்ற பெயரில் 10 பக்க வரம்பு வந்தது. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் வழக்கில் அதுவும் விழுந்தது. காகிதத்தைப் பிடித்தாலும் கழுத்தைப் பிடித்ததாகத்தான் அர்த்தம். இன்று அரசு விளம்பரத்தை நிறுத்துவதையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கல்லூரி மாணவி, காரைக்குடி: "பொது ஒழுங்கு" முதலிலிருந்தே சாசனத்தில் இருந்ததா?

இல்லை அம்மா. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழைச் சென்னை அரசு பொது ஒழுங்கைக் காரணம் காட்டி மாகாணத்துக்குள் நுழைய விடவில்லை. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டு 1950-இல் ஜெயித்தார். அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். ஆனால் கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. நாங்கள் இன்றும் நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

ரேடியோ ஆர்வலர், தேவகோட்டை: தனியார் எஃப்.எம்.மில் ஏன் சொந்தச் செய்தி இல்லை?

அனுமதி இல்லை. ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரிகையில் அச்சாகும் அதே கண்மாய்ச் செய்தியை ரேடியோவில் வாசிக்கக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.