மலையில் சோலார்: கேட்டதும் சொன்னதும்

நீலகிரி, கொடைக்கானல் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, சூரிய மின் ஆய்வில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

கோத்தகிரி: சார், இந்தக் குளிரில் சோலார் எடுபடுமா?

நன்றாகவே எடுபடும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லை. பேனலுக்குள் மின்சாரம் தரும் சில்லான செல் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். சமவெளியில் மத்தியான வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். நமக்கு அந்த நஷ்டம் குறைவு. இங்கே தொல்லை மூடுபனிதான்.

குன்னூர், எம்.டெக். மாணவி: நாசா பவர் தரவை மென்பொருளில் போட்டு ஊட்டிக்கான உற்பத்தியைக் கணக்கிட்டிருக்கிறேன். தீசிஸுக்கு அது போதுமா சார்?

போதாதும்மா. நாசா பவர் என்பது பெரும்பாலும் செயற்கைக்கோள் வழியாகக் கணித்த தரவு. அதில் சூரியக் கதிர்வீச்சுத் தரவின் ஒரு கட்டம் ஒரு டிகிரி, அதாவது சுமார் 110 கிலோமீட்டர் அகலம். ஊட்டி, கூடலூர், மேட்டுப்பாளையம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன! ஜூலையில் கூடலூர் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது மேட்டுப்பாளையத்தில் துணி காயும். உங்கள் குன்னூருக்கோ ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. இத்தனையையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் அது யாருடைய கூரைக்கும் பொருந்தாது.

தரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் பைரனோமீட்டர் ஒன்றை வைத்து ஒரு வருடமாவது அளந்து பாருங்கள். காலையில் அதன் கண்ணாடிக் குமிழில் பனி படியும், துடைக்க ஆள் வேண்டும். தரவை நிமிடத்துக்கு ஒருமுறை பதியுங்கள். மேகத்தின் ஓரத்திலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும் சில நிமிடங்களில் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 1000 வாட்டைத் தாண்டிப் போகும். மணிக்கணக்குச் சராசரியில் அது காணாமல் போய்விடும். மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அளந்ததோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எந்த மாதத்தில் ஏன் வருகிறது என்பதே நல்ல தீசிஸ்.

கொடைக்கானல்: இங்குள்ள ஆய்வகம் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்க்கிறதே, அந்தத் தரவு உதவாதா?

அவர்கள் பார்ப்பது சூரியனின் முகத்தை. கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். பெருமையான விஷயம். ஆனால் நமக்கு வேண்டியது தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு, அதற்குக் கருவியே வேறு.

ஊட்டி, சோலார் பொருத்துபவர்: ஒரே ஸ்டிரிங்கில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த வரிசையில், 20 பேனல் போடலாமா அண்ணா? இன்வெர்ட்டர் 1000 வோல்ட் வரை தாங்கும்.

பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதையும் ஓட்டாதபோது காட்டும் வோல்ட், 25 டிகிரியில் 49 என்றால் மொத்தம் 980. காகிதத்தில் சரி. ஆனால் குளிரக் குளிர அது ஏறும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.27 சதவீதம். தை மாத உறைபனிக் காலையில் செல் பூஜ்யத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் 1046 வோல்ட் வந்து நிற்கும், இன்வெர்ட்டர் போய்விடும். 18 போடுங்கள். கோயம்புத்தூர்க் கணக்கை அப்படியே மேலே கொண்டு வராதீர்கள் தம்பி.

கூடலூர்: தோட்டத்து சில்வர் ஓக் நிழல் பேனலின் ஒரு மூலையில் மட்டும் விழுகிறது. பரவாயில்லையா?

பேனலுக்குள் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும். நிழல் விழுந்த பகுதியை விட்டுவிட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்புபவை அவை, ஒவ்வொன்றுக்கும் பேனலில் மூன்றில் ஒரு பகுதி. அந்த மூலை நிழலுக்கே மூன்றில் ஒரு பங்கு போகலாம். கிளையைக் கழியுங்கள்.

அதே கூடலூர்: மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் சோலார் கைகொடுக்குமா?

பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் என்றால் கொடுக்காது. லைனில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதால், கரண்ட் போனதும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். உங்கள் ஊருக்கு பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் பாருங்கள். செலவு கூடும்தான்.