ஞாயிற்றுக்கிழமை லாரி வேண்டாம்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியில் ஒன்றரை ஆண்டாக எங்கள் குதிரையை விட்டிருக்கிறோம். கிண்டியில் ஓடி ஓய்ந்த ரேஸ் குதிரை. என் மகளுக்காக வாங்கினேன். ஆரம்பத்தில் சவாரிக்குப் பழக்கித் தந்தார்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டேன். லாயம், தீவனம், குதிரைக்காரர் எல்லாம் சேர்த்து மாதம் 22,000 ரூபாய். ஜூனிலிருந்து 15,000 ஆனது. ஒரு சனிக்கிழமை போனால் யாரோ ஒருவர் எங்கள் குதிரையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நாளில் குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. கேட்டதற்குப் பள்ளியின் உரிமையாளர் எல்லோர் முன்னாலும் என் மகளைத் திட்டினார். பழகிய குதிரைக்காரரை மாற்றினார். தீவனமும் சரியில்லை. நான்கு மாதமாக நான் பணம் கட்டவில்லை. பாக்கி வந்தால்தான் குதிரை என்கிறார்கள். வரும் ஞாயிறு விடியற்காலை லாரியோடு போய் ஏற்றி வந்துவிடலாமா? நஷ்டஈடு எவ்வளவு கேட்கலாம்? (செங்கல்பட்டு மாவட்ட வாசகர்)

பதில்: முதலில் லாரியை ரத்து செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் முக்கால்வாசி, அந்த உரிமையாளர் உங்கள் மகளிடம் பேசிய விதம் பற்றித்தான். படிக்க வருத்தமாக இருக்கிறது. வழக்கில் அதற்கு வேலை இல்லை. குதிரைக்காரரை மாற்றுவது அவர்கள் நிர்வாகம். தீவனம் சரியில்லை என்பதற்கு உங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. இதையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி: ஜூனிலிருந்து 15,000 ஆனது. ஏன் ஆனது? லாயம் நடத்துகிற எவரும் மாதம் 7,000 ரூபாயைச் சும்மா விடுவதில்லை. குதிரையை மற்ற மாணவர்களின் பயிற்சிக்கு விட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்பது இந்தத் தொழிலில் பழக்கமான ஏற்பாடு. அதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போட்டீர்களா? காரணமே சொல்லாமல் அவர்களாகக் குறைத்தார்களா? உங்கள் கேஸ் இந்தப் பதிலில்தான் நிற்கிறது.

குதிரையைப் பராமரிக்க இன்னொருவர் கையில் கொடுத்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்படைப்பு. ஒப்படைத்த நிபந்தனையை மீறி அதைப் பயன்படுத்தினால், அப்படிப் பயன்படுத்தும்போது ஏற்பட்ட சேதத்துக்கு அவர்களே பொறுப்பு என்கிறது பிரிவு 154. கவனமாகத்தான் ஓட்டினோம் என்ற பதில் அங்கே செல்லாது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணமும் குதிரைதான்: நீ மட்டும் சவாரி செய் என்று இரவல் கொடுத்த குதிரையில், வாங்கியவர் தன் குடும்பத்தில் இன்னொருவரை ஏற்றுகிறார்; அவர் கவனமாகவே ஓட்டுகிறார்; குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது; இரவல் வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குக் கைக்கு எட்டிய உதாரணம் குதிரை. வக்கீல்களான நாங்கள் அதைக் கார் கேஸுக்கு வளைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம், உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் தள்ளுபடிக்குச் சம்மதித்திருந்தால் 154 கிடையாது. அப்போது மிஞ்சுவது பிரிவு 151: ஒரு சாதாரண விவேகி தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம் எடுத்தார்களா என்பது. எடுத்தோம் என்று காட்டும் சுமை அவர்களுடையதுதான். இருந்தாலும் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: "இது பழைய ரேஸ் காயம்." ஓட்டக் குதிரைகளுக்கு முன்னங்கால் தசைநாண் கோளாறு சகஜம் என்பது எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரியும். குதிரையை அங்கே விட்ட அன்று அதன் கால் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் மருத்துவர் சீட்டு ஏதாவது இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, குதிரையைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? பிரிவு 170படி, உழைப்போ திறமையோ செலுத்தி ஒரு பொருளுக்கு வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். குதிரையைப் பழக்குபவருக்கு இந்த உரிமை உண்டு, வெறுமனே இடமும் புல்லும் கொடுப்பவருக்கு இல்லை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றங்கள் பிரித்துச் சொல்லியிருக்கின்றன. பழக்கிய கூலியை நீங்கள் கட்டிவிட்டீர்கள். இப்போதுள்ள 60,000 பாக்கி லாயத்துக்கும் தீவனத்துக்கும். ஆகவே உரிமை இல்லை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அப்படி உரிமை இருந்தாலும் வைத்துக்கொள்ளத்தான் முடியும், விற்க முடியாது. ஆனால் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகவும் நகல் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாக்கி தீரும்வரை குதிரையை வைத்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தால் என் வாதம் அதோடு சரி.

இப்போது லாரிக்கு வருவோம். என் பொருளை நான் எடுத்தால் அது எப்படித் திருட்டாகும் என்று கேட்காத கட்சிக்காரர் குறைவு. ஆகும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303இல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த இரண்டு கடிகார உதாரணங்கள் இருக்கின்றன. பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரத்துக்குக் கூலி பாக்கி எதுவும் இல்லாதபோது கடையில் புகுந்து வெளிப்படையாகப் பிடுங்கி வந்தால் அது திருட்டு இல்லை. அத்துமீறலும் தாக்குதலும் வேண்டுமானால் ஆகலாம். கூலி பாக்கி இருந்து, கடைக்காரர் சட்டப்படி அதைப் பிணையாக வைத்திருக்கும்போது, அந்தப் பிணையை இல்லாமல் ஆக்கும் எண்ணத்தில் எடுத்து வந்தால் திருட்டு. நீங்கள் இந்த இரண்டில் எந்தக் கடிகாரம் என்பது நீங்கள் படித்துப் பார்க்காத அந்தப் படிவத்தில் இருக்கிறது. அதை நம்பியா விடியற்காலையில் லாரி கொண்டுபோகப் போகிறீர்கள்?

என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் போனார். கேட்டில் தள்ளுமுள்ளு, காவலாளிக்குக் கையில் அடி. எல்லாம் கேமராவில் பதிவாகிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டதும் குதிரை வழக்குச் சொத்து. காவல் நிலையத்தில் குதிரையை எங்கே கட்டுவது? பாதுகாப்புக்கு என்று அதே லாயத்துக்கே திரும்பிப் போனது. இடைக்காலப் பொறுப்பு கேட்டு அவர் மனுப் போட்டார், பள்ளியும் போட்டது. கடைசியில் குதிரை அவர் கைக்கு வந்தபோது, பாக்கியைக் கட்டி எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு போயிருந்தது, முன்ஜாமீன் செலவு தனி. உங்களுக்கு இன்னொரு தலைவலியும் சேரும். கால் அடிபட்ட குதிரையைச் சாதாரண லாரியில் சரிவுப் பலகைகூட இல்லாமல் ஏற்றி இறக்கினால், அடுத்த நோட்டீஸில் "எங்களிடம் நன்றாக இருந்தது, இவர் லாரியில்தான் கால் போனது" என்று எழுதுவார்கள். 154ஐயும் 151ஐயும் ஒரே பயணத்தில் தொலைத்துவிடுவீர்கள்.

பணம் கட்டாமல் நிறுத்தியதும் தப்பு. அவர்கள் பாக்கி நிச்சயமான தொகை. உங்கள் நஷ்டம் இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டியது. இரண்டையும் நீங்களாகவே நேர் செய்துகொள்ள முடியாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 11, போதிய தீவனம் தராத, மிருகத்தின் உரிமையாளரைத்தான் முதலில் பிடிக்கும். நாளைக்கே அவர்கள் தீவனத்தைக் குறைத்துவிட்டு, குதிரையின் உரிமையாளர் பணம் தரவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னால் விளக்கம் சொல்லப்போவது நீங்கள்.

ஆகவே என் ஆலோசனை: 60,000ஐக் கட்டிவிடுங்கள். வங்கி வழியாகக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன்பே, இது ஆட்சேபத்துடன் செலுத்தும் தொகை, காலில் ஏற்பட்ட காயத்துக்கான கோரிக்கையை நான் விடவில்லை என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அதிகம் பார்க்கிற வழுக்கல் இந்த இடத்தில்தான். குதிரை லாரியில் ஏறி நிற்கும்போது, கேட்டில் ஒரு தாளை நீட்டுவார்கள்: "எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு அங்கேயே முடிந்தது. குதிரையைப் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏற்றாமல் திரும்பி வாருங்கள். அசையும் பொருளை மீட்கும் வழக்கும் இடைக்கால மனுவும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நஷ்டஈடு எவ்வளவு? மருத்துவச் செலவும் குதிரையின் மதிப்பு குறைந்ததும்தான் கணக்கு. ஓய்வுபெற்ற ரேஸ் குதிரைக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. நீங்கள் வாங்கிய விலையே சாட்சி. நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு ஏதோ ஒரு தொகை தரலாம். ஆனால் தள்ளுபடி ஏற்பாட்டைக் காட்டி, இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை என்று ஒரு முதல்கட்ட ஆட்சேபத்தைக் கிளப்புவார்கள். அதற்குப் பதில் உண்டு, ஆனால் காலம் போகும். ஸ்கேனில் புதிய காயம் என்று மருத்துவர் எழுதித் தந்து, தள்ளுபடிக்கு நீங்கள் சம்மதித்த தடயமும் இல்லை என்றால் தாராளமாக வழக்குப் போடுங்கள். இரண்டில் ஒன்று சறுக்கினாலும், கட்டிய பாக்கியில் பாதியைத் திருப்பித் தரச் சொல்லிச் சமரசம் செய்துகொண்டு குதிரையை வேறு லாயத்துக்கு மாற்றுங்கள்.

நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டு, சிவில் வழக்குக்கு 3 ஆண்டு இருக்கிறது, அதில் அவசரமில்லை. மருத்துவர் காலைப் பார்ப்பதில்தான் அவசரம், நாள் போகப் போகப் பழைய காயமா புதிய காயமா என்று சொல்வது கடினமாகும். பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்கள் குதிரை மேல் மற்றவர்கள் இருக்கும் படங்களைத் தேதியோடு இன்றே சேமித்துக்கொள்ளுங்கள், நோட்டீஸ் போன மறுநாள் அவை இருக்காது. அந்தப் படிவத்தின் நகலை இப்போதே, நோட்டீஸ் பேச்சை எடுப்பதற்கு முன், சாதாரணமாகக் கேட்டு வாங்குங்கள்.