ஒரே நிரல் நூலகத்தில் பல செயலிகளுக்கான அசெம்பிளரும் டிஸ்அசெம்பிளரும் எழுதுவது எப்படி?

ஒவ்வொரு செயலிக்கும் தனி நிரல் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டளைகளின் விவரத்தை அட்டவணையாக எழுதுங்கள். கட்டளை உரையைப் பிட்களாக மாற்றுவது அசெம்பிளர், பிட்களை மறுபடி உரையாக்குவது டிஸ்அசெம்பிளர்; இரண்டு வேலைக்கும் அதே அட்டவணைதான். கம்பைலர் கருவித் தொகுப்பான எல்எல்விஎம் திட்டத்தின் டேபிள்ஜென் என்ற கருவி இந்த வழியில்தான் இயங்குகிறது.

ரிஸ்க்-ஃபைவ் செயலியின் கூட்டல் கட்டளையைப் பாருங்கள். 32 பிட்டில் கடைசி 7 பிட் 0110011. கழித்தலுக்கும் அதேதான், 30-ஆம் பிட் மட்டும் 1 ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் போதும்: எந்த பிட்கள் மாறாதவை, அவற்றின் மதிப்பு என்ன, மீதியில் எந்த ரிஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) எங்கே இருக்கிறது. டிஸ்அசெம்பிளர் மாறாத பிட்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும், அசெம்பிளர் அவற்றை வைத்துவிட்டு மீதியை நிரப்பும்.

சிக்கல் கட்டளைக்குள் பொதிந்திருக்கும் எண்களில் வரும். ரிஸ்க்-ஃபைவின் நிபந்தனைத் தாவலில் (நிபந்தனை சரியென்றால் வேறு கட்டளைக்குப் போவது) தாவ வேண்டிய தூரம் 4 துண்டாகச் சிதறிக் கிடக்கும். அதனால் ஒரு புலத்தை (ஒரு மதிப்புக்கான பிட்களை) பல துண்டுகளாகச் சொல்லும் வசதியை முதல் நாளே வைத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் பாடு.

இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 வேறு கதை. ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். முன்னொட்டுகளை, அதாவது கட்டளையின் தொடக்கத்தில் வரும் கூடுதல் பைட்களை, படிக்கும் பகுதியை எக்ஸ்86-க்கென்று கையால் எழுதுவதே நல்லது என்பேன். அப்புறம் அட்டவணைக்குப் போகலாம்.

சோதனைக்கு, தற்செயலான பைட்களை டிஸ்அசெம்பிள் செய்து, வந்த உரையை மறுபடி அசெம்பிள் செய்து முதல் பைட்களோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்86-இல் ஒரே கட்டளைக்குப் பல வடிவங்கள் உண்டு, அங்கே பைட்டுக்குப் பதில் உரையை ஒப்பிட வேண்டும்.