எஸ்டேட்டில் ஆறு வருஷம், திருப்பூரில் ஆறரை வருஷம்: பென்ஷன் உண்டா?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 2012 ஜூன் முதல் 2018 மார்ச் வரை நிரந்தரத் தொழிலாளியாகக் கொழுந்து பறித்தார். 2019 ஜூனில் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஆறரை வருஷம் ஆகிறது. முழங்கால் வலி தாங்காமல் ஊருக்கே திரும்பப் போகிறார். இரண்டு இடத்து பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடலாமா? எஸ்டேட்டில் சர்வீஸ் பணமும் தரவில்லை.

பதில்: பி.எஃப். சேமிப்பை எடுக்கலாம். பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே கணக்கில் இருப்பதுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. சம்பளத்தில் 12 சதவீதத்தைக் கம்பெனி கட்டுகிறது; அதில் சம்பளத்தின் 8.33 சதவீத அளவு பென்ஷன் நிதிக்குப் போகிறது. மொத்த சேவை 10 வருஷம் ஆனால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன் கிடைக்கும். அம்மாவுக்கு எஸ்டேட் 5 வருஷம் 10 மாதம், திருப்பூர் ஆறரை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பத்தைத் தொடாது. சேர்த்தால் 12 தாண்டும்.

கணக்கைப் பார்த்துவிடுங்கள். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 12,000 என்று வைத்தால், 12 வருஷத்துக்கு மாதம் சுமார் 2,057 ரூபாய். இரண்டு கணக்கையும் சேர்க்காமல் பென்ஷன் பங்கைத் தனித்தனியே பணமாக எடுத்தால் சேவை வருஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்தான் வரும். எஸ்டேட்டில் கடைசிச் சம்பளம் 7,000 என்றால், இரண்டு இடமும் சேர்ந்து 1.2 லட்சத்தை ஒட்டி நிற்கும். பென்ஷனாக வாங்கினால் ஐந்து வருஷத்தில் அந்தத் தொகை வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் கூடுதல்; அம்மாவுக்குப் பின் அப்பாவுக்கும் பாதி வரும். 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 58-க்கு முன் வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பு ஆயுளுக்கும் நிற்கும்.

முதல் வேலை, இரண்டு யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) இருக்கிறதா என்று பார்ப்பது. பனியன் கம்பெனியில் சேரும்போது நிரப்பும் படிவம் 11-ல் பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கியவர்களுக்கு இதுதான் அடிக்கடி நடக்கிறது. இரண்டு எண் இருந்தால், தற்போதைய எண்ணில் நுழைந்து பழைய கணக்கை மாற்றக் கோர வேண்டும் (படிவம் 13). அது நின்றுபோவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் நான்கு. எஸ்டேட் செக்ரோலில் (வருகை, கூலிப் பதிவேடு) இருந்த பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாது. கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும். பிறந்த தேதி உத்தேசமாக எழுதப்பட்டிருக்கும். நான்காவது, எஸ்டேட் வேலை முடிந்த தேதியைப் பதியாமலே விட்டிருக்கும். இதைக் கடைசிச் சந்தா மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே பி.எஃப். இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பிறந்த தேதியைக் கவனமாகப் பாருங்கள். வயதைக் கூட்டி எழுதியிருந்தால், உண்மையில் 58 ஆகும் முன்பே பென்ஷன் பங்கு நின்றுவிடும். பெயரையும் தேதியையும் திருத்த கூட்டு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. எஸ்டேட் கைமாறியோ மூடியோ போயிருந்தால் கெசட்டட் அதிகாரி, வங்கி மேலாளர் போன்றோர் சான்றொப்பம் இடலாம்.

மாற்றம் முடிந்ததும் சேவை வரலாற்றில் இரண்டு இடமும் வருகிறதா என்று பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் வேலையை விடும் முன்பே கம்பெனியில் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு வேலையை விட்டு, விதிப்படி காத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் சேமிப்புக்குப் படிவம் 19. படிவம் 10சி-யில் பணம் கேட்காமல் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ (பென்ஷன் சேவைக் காலத்தைக் காட்டும் சான்று) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பத்திரமாக வைத்திருந்து 58-ல் பென்ஷன் கேட்டுப் படிவம் 10டி கொடுத்தால் போதும். உதவிக்கு வருபவர் இரண்டு படிவத்தையும் சேர்த்துப் பணமாகவே போட்டுவிடுவது வழக்கம். கூடவே உட்கார்ந்து பாருங்கள்.

இனி சர்வீஸ் பணம், அதாவது பணிக்கொடை. எஸ்டேட்டில் ஐந்து வருஷம் முடித்திருப்பதால் உரிமை உண்டு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வருவதற்கு முன்பே, 2018-ல் வேலை முடிந்ததால் 1972 பணிக்கொடைச் சட்டப்படிதான் கேட்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் ஒரு வருஷமாகும், எனவே 5 வருஷம் 10 மாதம் 6 ஆகிறது. தினக்கூலிக்கு: கூலி × 15 × 6. கூலி 300 என்றால் 27,000 ரூபாய். கிலோ கணக்கில் பறித்திருந்தால் கடைசி மூன்று மாதச் சராசரி தினக்கூலி.

உறைபனி மாதங்களில் வேலை இல்லாததால் ஒரு வருஷச் சேவையாகக் கணக்கிட வேண்டிய 240 வேலை நாள் வரவில்லை என்று நிர்வாகம் சொல்லக்கூடும். சட்டப்படி லே-ஆஃப் (நிர்வாகமே வேலை தராமல் நிறுத்திவைப்பது) கொடுத்த நாளும், சம்பளத்தோடு எடுத்த விடுப்பும், பிரசவ விடுப்பும் அந்த 240-ல் சேரும். ‘30 நாளில் கேட்கவில்லை’ என்ற பதிலையும் ஏற்க வேண்டாம். தாமதம் என்ற ஒரே காரணத்தால் கோரிக்கை செல்லாததாகாது என்று விதியே சொல்கிறது. பணிக்கொடை கேட்கும் ‘ஐ’ (I) படிவத்தை ஒப்புகை அட்டையோடு எஸ்டேட் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘என்’ (N) படிவம் கொடுங்கள். தாமதத்துக்கான காரணத்தையும் எழுதுங்கள்.

திருப்பூர் கம்பெனியிலும் பணிக்கொடை உண்டு. ஆறரை வருஷத்தை ஒரு நாளாவது தாண்டிய பின் விலகினால் 6-க்குப் பதில் 7 வருஷக் கணக்கு. 12,000 சம்பளத்தில் அது கிட்டத்தட்ட 7,000 ரூபாய் வித்தியாசம்.

மலையில் பிறந்து இரண்டு ஊரில் உழைத்தவரின் சேவை, ஊர் மாறியதால் உடைந்து போவது பெரிய அநியாயம். ஒரே ஊரில் 12 வருஷம் வேலை செய்தவருக்குத் தானாகக் கிடைப்பதை இவர் படிவம் படிவமாகத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. கூலி குறைந்த மலையில் இந்தப் பென்ஷனும் போனால் முதுமைக்கு ஏதும் மிஞ்சாது.

ஊர் திரும்பி சிறு விவசாயி தோட்டத்தில் பறிக்கப் போனால் அங்கே பி.எஃப். பெரும்பாலும் இருக்காது, 20 பேருக்குக் குறைந்த இடத்துக்குச் சட்டம் கட்டாயமில்லை. அப்போது அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான இ-ஷ்ரமில் பதியுங்கள். 59 வயது வரை பதியலாம், ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருக்கும்போது முடியாது, அதனால் திருப்பூர் வேலை முடிந்த பிறகே. பி.எஃப். சிக்கலுக்கு ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைதீர் முகாம் நடக்கிறது. ஆதார், வங்கிப் பாஸ்புக், எஸ்டேட் சம்பளச் சீட்டு, இரண்டு யூ.ஏ.என். எண்களோடு அம்மாவையும் அழைத்துப் போங்கள். ஆதாரோடு இணைத்த செல்போனை மறக்க வேண்டாம், ஓ.டி.பி. அதில்தான் வரும்.