ஒரு ரூபாய்க்கு 29 பைசா என்பது உண்மையா? கூடுதலாக வந்தால் நம் ஊருக்கு ஏதாவது நடக்குமா?

கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மத்திய அரசுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய் வரிக்கும் 29 பைசாதான் திரும்பி வருகிறது என்கிறார்களே, அது சரியா என்பது ஒன்று. அது கூடினால் நம்ம ஊர் ரோடும் தண்ணியும் சரியாகிவிடுமா என்பது இன்னொன்று. முதலாவதில் ஆதங்கம் நியாயமானது, கணக்குதான் ஓட்டை. இரண்டாவது தானாக நடக்காது. ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு, ஏனென்றால் போன முறை திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் துணைத் தலைவராக இருந்தேன். தெரியாதவர்களுக்கு: தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் பணம் போகாது, துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். அதனால் வந்தது போனது எல்லாம் கண்ணில் பட்டது.

29 பைசா கணக்கு எளிது. மாநிலத்தில் வசூலான மத்திய வரிகள் எவ்வளவு, மாநிலத்துக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு, வகுத்துப் பார், அவ்வளவுதான். 2024 வாக்கில் அமைச்சர்கள் சொல்லச் சொல்ல எல்லோர் வாட்ஸ்அப்பிலும் ஏறிவிட்டது. ஆனால் வரி எங்கே கட்டப்படுகிறதோ அங்கேதான் அது சம்பாதிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. மும்பையில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கி, மன்னார்குடிக் கிளையில் பார்த்த லாபத்துக்கும் சேர்த்து மும்பையில்தான் வருமான வரி கட்டும், அது மகாராஷ்டிரத்தின் பேரில் ஏறும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்க வரி இங்கே வசூலாகும், சரக்கு லாரி ஏறி பெங்களூருக்குப் போயிருக்கும். இந்த மாதிரிக் கணக்கை எதிராளி ஒரு நிமிஷத்தில் உடைத்துவிடுவான், அப்புறம் நம்முடைய நிஜமான குறைகளையும் அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டுங்கள். பீகாருக்கு ஏன் அதிகம் கொடுக்கிறாய் என்று கேட்பது எனக்கு ஒப்பாது. தனிநபர் வருமானத்தில் நாம் அவர்களைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறோம். இதே கேள்வியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் மாவட்டத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வேன்? ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் வசூலாகும் பணத்தில்தான் எங்கள் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் போகிறது. இல்லாத இடத்துக்குக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. எவ்வளவு, எந்த விதியில், யாரைக் கேட்டு என்பதில்தான் தகராறு.

விதி இதுதான். அரசியலமைப்பின் 280வது பிரிவுப்படி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நிதி ஆணையம் அமைக்கிறார்கள். மத்திய வரி வருவாயில் மாநிலங்கள் எல்லாவற்றுக்குமாக எவ்வளவு, அதில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று இரண்டு தட்டிலும் அது பரிந்துரைக்கும். ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14வது ஆணையம், அதற்கு முன் 32 சதவீதமாக இருந்ததை ஒரேயடியாக 42 ஆக்கியது. என்.கே. சிங் தலைமையிலான 15வது ஆணையம், ஜம்மு காஷ்மீர் மாநில அந்தஸ்தை இழந்த பிறகு, 41 என்றது. மாநிலங்களுக்கு என்று ஒதுக்கிய அந்தத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாவது ஆணையத்தில் 7.931 சதவீதம். 15வதில் 4.079. அதே பட்டியலில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058.

நாம் ஏழையாக இல்லாமல் போனது பங்கு இறங்கியதற்கு ஒரு காரணம், அதற்குக் கோபப்பட முடியாது. இன்னொரு காரணம் மக்கள்தொகை. நெடுங்காலம் 1971 கணக்கெடுப்பை வைத்தே பங்கிட்டார்கள், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவன் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. 15வது ஆணையத்துக்கு 2011 கணக்கெடுப்பை எடுக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு கொடுத்தது. தென்மாநில நிதி அமைச்சர்கள் சிலர் 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் கூடி ஆட்சேபம் தெரிவித்தார்கள். பிறப்பு விகிதத்தைக் குறைத்தவர்களுக்கென்று 12.5 சதவீத மதிப்பெண் ஒதுக்கி ஆணையம் கொஞ்சம் ஈடுகட்டியது, ஆனால் வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் போகிற மாதிரி வருமான வித்தியாசத்துக்கு 45 சதவீதம் வைத்த பிறகு அது எந்த மூலைக்கு?

இதைவிட எனக்குக் கோபம் வருவது செஸ், சர்சார்ஜ் சமாச்சாரத்தில், அதாவது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரிகளில். இந்த 41 சதவீதம் மத்திய அரசின் மொத்த வரி வசூலில் கிடையாது. செஸ், சர்சார்ஜ் என்று பேர் வைத்து வாங்குவதை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. 2011-12ல் மொத்த வரியில் சுமார் 10 சதவீதமாக இருந்தது 2020-21ல் சுமார் 20 ஆனது. அதனால் காகிதத்தில் 41, கையில் வருவது மொத்த வசூலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் வரி குறைத்த பிறகு மத்திய அரசு லிட்டருக்கு 19.90 ரூபாய் வாங்கியது. அதில் பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1.40. மிச்சம் 18.50 முழுக்க விவசாய உள்கட்டமைப்பு செஸ், சாலை செஸ், சிறப்புக் கூடுதல் கலால் வரி. அந்த 1.40ல் 41 சதவீதம் 57 பைசா, அதுதான் எல்லா மாநிலத்துக்குமாக. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் பைசா. மாநிலம் தனியாக வாட் வரி போட்டுக்கொள்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘பெட்ரோல் வரியில் 41 சதவீதம் மாநிலத்துக்குத்தானே போகிறது’ என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 29 பைசா மாதிரி இதை உடைக்க முடியாது.

அப்புறம் திட்ட நிதி, அதாவது குறிப்பிட்ட திட்டத்துக்கென்று மத்திய அரசு தரும் பணம். பிரதமர் பெயரில் கிராமத்தில் கட்டும் வீட்டுக்குக் கணக்கு 1.20 லட்சம், அதில் மத்திய அரசு 72,000, மாநிலம் 48,000. மேற்கொண்டு தளம் போட மாநிலம் தனியாகவும் கொடுக்கிறது. பேர் யாருடையது என்பது போகட்டும், இந்த வகைப் பணத்தில் ஒரு கையெழுத்துக்காக எல்லாம் நின்றுபோகும் என்பதுதான் ஆபத்து. பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ல் சமக்ர சிக்ஷா என்ற மத்திய பள்ளிக் கல்வித் திட்டத்தில் வர வேண்டிய 2,152 கோடி நின்றது, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிதி ஆணையப் பங்கில் இப்படி நிறுத்த முடியாது, அது உரிமை. 16வது ஆணையம் 2024ல் சென்னைக்கு வந்தபோது அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் 50 சதவீதம் கேட்டதன் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நிபந்தனையோடு வரும் நூறைவிட நிபந்தனை இல்லாத எண்பது மேல்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. டெல்லியைப் பார்த்துச் சென்னை சொல்லும் இத்தனை குறையையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சென்னையைப் பார்த்து எங்கள் ஊராட்சி சொல்லலாம்.

1993ல் ஊராட்சிகளுக்கான 73வது அரசியலமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்ததிலிருந்து மாநிலத்துக்கும் ஒரு நிதி ஆணையம் உண்டு. மாநிலத்தின் சொந்த வரியில் உள்ளாட்சிகளுக்கு இவ்வளவு என்று அது சொல்லும், தமிழ்நாட்டில் 10 சதவீதம் என்பது பழக்கத்தில் இருக்கும் அளவு. எங்கள் ஆபீஸில் அதற்கு எஸ்.எஃப்.சி. பணம் என்று பெயர். வந்ததும் ஒரு பகுதி ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்குக்குப் போகும். அது தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட மட்டுமே. மீதியில் டேங்க் ஆபரேட்டர் சம்பளம், தூய்மைப் பணியாளர் சம்பளம், பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் காயில் கட்டுகிற செலவு. மோட்டார் காயில் பற்றி மட்டும் தனியாக ஒரு பதில் எழுதலாம். இதெல்லாம் போக நாமே யோசித்துச் செய்ய என்று கையில் நிற்பது சொற்பம்.

மத்திய நிதி ஆணையத்திலிருந்து நேராக ஊராட்சிக்கும் மானியம் வரும். 15வது ஆணையம் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ஒதுக்கியது. ஆனால் அதில் 60 சதவீதம் கட்டுண்ட பணம்: 30 சுகாதாரத்துக்கு, 30 குடிநீருக்கு. கேட்க நல்ல திட்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் மெயின் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் யாராவது தவறிவிட்டால் இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கிராம சபையில் பெண்கள் வருஷா வருஷம் கேட்டது ஒரு சிறுபாலம், ஒரு டிராக்டர் போகிற அளவுக்கு. பணம் இருந்தது, ஆனால் அது தண்ணீருக்கும் சுகாதாரத்துக்குமான பணம், அதில் பாலம் போட்டால் ஆடிட்டில் எங்களிடமே பணத்தைத் திரும்ப வசூலிப்பார்கள் என்றார் ஊராட்சி செயலர். அவர் சொன்னது சரிதான். நான்கூட அந்த மனிதரோடு ஒரு மணி நேரம் விவாதம் செய்து பார்த்தேன், விதி விதிதான். ஆகவே அந்தப் பணத்தில் ஏற்கனவே குழாய் வருகிற தெருவில் இன்னொரு சின்டெக்ஸ் டேங்க் வைத்தோம். இன்னொரு வருஷம் இத்தனை உறிஞ்சுகுழி போட வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வந்தது. சேலத்திலோ திண்டுக்கல்லிலோ உறிஞ்சுகுழி அருமையான ஏற்பாடு. களிமண் பூமியில், நாலடி தோண்டினால் ஊற்றுக் கிளம்பும் ஊரில், மழைக்காலத்தில் அது வாங்குகிற தண்ணியைவிட விடுகிற தண்ணி அதிகம். குழி வெட்டினோம், ஜல்லி போட்டோம், ஓவர்சீயர் வந்து அளந்து எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றினார், பில் பாஸானது, ஆன்லைனில் போட்டோ ஏறியது. ஒரு பைசா திருட்டு இல்லை. பணம் வீண்.

செலவு என்றாலே எல்லோரும் ஊழலை மட்டும் பேசுவார்கள். கமிஷன் இல்லாத காண்ட்ராக்ட் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை, ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்த வீண்செலவில் பெரும்பகுதி சட்டப்படி, ரசீதோடு, மார்ச் 31க்குள் நடந்தது. ஊருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவனிடம் முடிவு இல்லை, முடிவு எடுப்பவன் அந்த வாய்க்காலைப் பார்த்ததில்லை. மறுபக்கம், நிபந்தனையே இல்லாமல் கொடுத்தால் எல்லாம் பேவர் பிளாக்காகப் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது. தலைவர் வீட்டுத் தெரு எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும்.

கேரளாவில் 1996ல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்து நீங்களே திட்டம் போடுங்கள் என்றார்கள். எல்லா இடத்திலும் பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் அங்கே ஊராட்சித் தலைவர் என்றால் ஒரு ஆள். இங்கே அவர் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

யாரும் பேச விரும்பாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் ஊராட்சிகளின் நிதி பற்றி ஒரு அறிக்கை போட்டது. ஊராட்சிகள் தாங்களே வரி போட்டு எடுப்பது அவற்றின் வருவாயில் ஒரு சதவீதம்தான். நூறில் எண்பது மத்திய மானியம். எங்கள் ஊரில் வருஷத்துக்கு நூற்றுச் சில்லறை ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் ‘என் தெருவில் பல்பு எரியலையே, வரி எதுக்கு’ என்று சட்டையைப் பிடிப்பார். லட்சக்கணக்கில் வந்த மானியத்தில் என்ன செய்தாய் என்று ஒருத்தர் கேட்டதில்லை. நம் கைக்காசு என்றால்தான் கேட்கத் தோன்றுகிறது போலிருக்கிறது. தமிழ்நாட்டில் வசூலித்த வீட்டு வரிக்கு ஈடாக மாநிலம் மானியம் தருகிற ஏற்பாடு உண்டு. ஆனாலும் வரியை உயர்த்த எந்தத் தலைவரும் துணிய மாட்டார், அடுத்த தேர்தலில் சொந்தக்காரனே ஓட்டுப் போட மாட்டான்.

தேர்தல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016ல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களின் கிராமப்புறத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர் ஆட்சி, அதாவது தலைவர் இடத்தில் ஒரு அரசு அதிகாரி, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய மானியமும் நின்றது. 2025 ஜனவரி 5ஆம் தேதி எங்கள் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர். டெல்லி நம் உரிமையைப் பறிக்கிறது என்று பேசுகிற அதே சட்டமன்றத்தில், எந்தக் கட்சி ஆண்டாலும், இதைப் பற்றிக் குரல் எழும்பவே எழும்பாது.

அதனால் தமிழ்நாட்டின் நாலு சதவீதச் சொச்சப் பங்கு 5 ஆனால் நல்லதுதான், வேண்டும், கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் சென்னையில் வந்து நிற்கும். அங்கிருந்து உங்கள் தெருவுக்கு வர வேறு சண்டை போட வேண்டும்.

அந்தச் சண்டைக்கு உங்கள் கையில் இருப்பது இவ்வளவு. ஈ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் நிதி ஆணையப் பணம் எந்த வேலைக்கு, எவ்வளவு போனது என்று வரும். கட்டுண்டது, கட்டில்லாதது என்று தனித்தனியாக இருக்கும், முதலில் கட்டில்லாத பகுதியைப் பாருங்கள், அதில்தான் ஊராட்சி சுயமாக முடிவெடுத்திருக்கும். அச்சு எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்விடுங்கள், தாமதமானால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பேசுவதோடு விடாமல் நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எண் போட்டு எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் சிறுபாலம் என்ன ஆனது என்று யாராவது கேட்பீர்கள். கடைசியில் தொகுதி மேம்பாட்டு நிதியில் வந்தது. அதற்கும் வாய்க்கால் எங்களுடையது, தடையில்லாச் சான்று வாங்கினாயா என்று ஒரு துறை நடுவில் வந்து எட்டு மாசம் உட்கார்ந்தது, தொடர்ந்து ஆறு தீர்மானத்தின் நகலைக் காட்டித்தான் அதை நகர்த்த முடிந்தது.