ஹைட்ரஜன் எரிபொருள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உர ஆலையின் அம்மோனியா பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹைட்ரஜனோடு வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றினால் பைக் ஓடுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா சார்?

இல்லைங்க. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சுவதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? மின்சாரம் செலுத்தித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம். ஆனால் இன்றைய கருவிகளில் ஒரு கிலோ பிரிக்க 50 முதல் 55 யூனிட் கரண்ட் ஆகும். அந்த ஒரு கிலோவில் இருப்பதோ சுமார் 33 யூனிட் அளவு ஆற்றல்தான். பேட்டரியைப் போல, கரண்ட்டைச் சேர்த்து வைக்கும் ஒரு வழி என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. இரண்டு பென்சில்களை இரு முனையிலும் சீவு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பென்சில்களை அதில் நிறுத்தி, மேல் முனைகளை 9 வோல்ட் பேட்டரியோடு இணை. மைனஸ் பக்கத்துப் பென்சிலில் குமிழ்கள் மளமளவென்று வரும். அதுதான் ஹைட்ரஜன். மற்றதில் வருவது ஆக்சிஜன், அளவில் பாதி. சோடாவுக்குப் பதில் உப்பு போட்டுவிடாதே, குளோரின் வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பெட்ரோலைவிடச் சக்தி அதிகம் என்கிறார்கள். அப்புறம் ஏன் கார்கள் பெருகவில்லை?

எடைக்கு எடை பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, சரிதான். சிக்கல் இடத்தில் இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜனை அடைக்க, சென்னைத் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி அளவு தொட்டி வேண்டும். அதனால் காரில் 700 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்தி அடைக்கிறார்கள். உங்கள் பைக் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்! திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும்) எஞ்சின்களுக்கு அப்படித்தான் தருகிறார்கள். ராக்கெட்டுக்குச் சரி, மளிகைக் கடைக்குப் போகும் வண்டிக்கு எதற்கு? ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிக்க ஆகும் அதே 55 யூனிட்டில் பேட்டரி கார் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஹைட்ரஜன் கார் சுமார் 100 போகும்.

அப்படியானால் பசுமை ஹைட்ரஜனுக்குக் கோடிகளைக் கொட்டுவது வீணா?

வீணில்லை. காரை மறந்துவிட்டு யூரியா மூட்டையைப் பாருங்கள். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இன்று அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சூரிய, காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் அந்தப் புகை இல்லை; அதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். அது முதலில் உரத்துக்கும், சுத்திகரிப்பு ஆலைக்கும், தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கவும் போக வேண்டும் என்பேன். அங்கே பேட்டரி உதவாது.

வெடித்துவிடாதா? பயமாக இருக்கிறது.

1937இல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து 36 பேர் இறந்ததிலிருந்து இந்தப் பயம் இருக்கிறது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். நல்ல விஷயம், திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்விடும். சமையல் கேஸ் போலத் தரையில் தங்காது. கெட்டது, வாசனை கிடையாது, பகலில் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க ராக்கெட் தளங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்கள். துடைப்பம் பற்றினால் அங்கே தீ.

எங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லையே, நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

இன்வெர்ட்டர் இருக்கிறதா அம்மா? தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். அதை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், பக்கத்தில் விளக்கும் ஏற்ற வேண்டாம்.